சர்க்கரையில் ஒரு வண்டலூர்

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர்ப் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத கேக் கடைகள் பல உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அவை வீடுகள்தாம்: வாசலில் செருப்புகள், பிள்ளையின் சைக்கிள், மாடிப்படிக் கைப்பிடியில் காயும் துணி. உள்ளே சமையலறையை ஒட்டி ஒரு ஓவன், ஒரு பீட்டர், கிராம் தராசு, கேக்குக்கென்றே வாங்கிய இரண்டாவது ஃபிரிட்ஜ். நடத்துகிறவர் அந்த வீட்டுப் பெண். 2020 ஊரடங்கில், மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்க வழியில்லாமல் தானே செய்து பார்த்து, அக்கம்பக்கத்தார் கேட்கக் கேட்க அதுவே தொழிலாகிப் போனவர்கள் இவர்களில் எத்தனையோ பேர்.

இவர்கள் செய்பவற்றில் என்னை யோசிக்க வைப்பவை குழந்தைகளுக்கான இளவரசிகளோ கார்களோ அல்ல. பெரியவர்களுக்காகச் செய்யப்படும் கேக்குகள். அப்பாவின் மணிவிழாவுக்கு, அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளுக்கு என்று பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கும் பிள்ளைகள் சொல்லிச் செய்பவை. ஒன்றில் மெரினா இருக்கும்: பிஸ்கட்டைப் பொடித்துத் தூவிய மணல், நீல ஜெல்லில் அலை, விரல் நீளத்தில் ஒரு சுண்டல்காரர். இன்னொன்றில் மின்சார ரயிலின் ஒரு பெட்டி, ஜன்னலோரம் நான்கு தலைகள். மற்றொன்றில் வண்டலூர் மிருகக்காட்சி சாலையின் ஒட்டகச்சிவிங்கி, அதன் எதிரே வரிசையாக நிற்கும் ஒரு குடும்பம். ஓரம் பழுத்த புகைப்படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து சேரும். கூடவே, "அப்படியே இதே மாதிரி வேணும் மேடம்" என்று ஒரு வரி.

அந்தப் புகைப்படத்து வாழ்க்கை நமக்குத் தெரிந்ததுதான். தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது; சிறு சம்பளத்துப் புறநகர்க் குடும்பங்களுக்குக் கடல் கைக்கெட்டியது அந்தத் தண்டவாளத்தால். உயிர்க் காலேஜ் என்று சென்னைக்காரர்கள் அழைத்த மிருகக்காட்சி சாலையைப் பார்க்க, நம் பக்கத்தவர்கள் சென்ட்ரல் வரை போக வேண்டியிருந்தது. 1985-ல் அது வண்டலூருக்கு வந்த பிறகு தாம்பரத்திலிருந்து ஒரு பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம். ஆயிரம் ஏக்கருக்கும் மேலாகக் காட்டை ஒட்டி விரிந்த இடம். கால் வலிக்க நடந்து, பாதியில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, சாயங்காலம் திரும்பினால் ஒரு ஞாயிறு முழுதாக முடிந்திருக்கும்.

அந்த ஞாயிறுகளைப் பற்றிப் பேசும்போது நம் பேச்சில் புலி வரும், திடீர் மழை வரும், கிடைக்காத பஸ் வரும். புளியோதரைகூடத் தவறாமல் வரும். அதைக் கிளறியவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது மட்டும் வருவதில்லை. விடிவதற்கு முன்பே சோறு வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, புளிக்காய்ச்சல் கலந்து, உருளைக்கிழங்கை முறுகலாக வறுத்து, மதியத்துக்குள் புளித்துவிடாதபடி பால் கூட்டித் தயிர்சாதம் பிசைந்து, தண்ணீர் பாட்டில், கைக்குழந்தைக்கு மாற்றுத்துணி, உட்கார ஒரு பழைய போர்வை என்று எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகத் தன் சேலையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பஸ் ஏறியவர் அவர். மரத்தடியில் பரிமாறியவரும், மீந்ததைச் சாப்பிட்டவரும், இரவு வந்து டிபன் கேரியரைக் கழுவியவரும் அவரே. அந்த நாள் அவருக்கு விடுமுறையாக இருந்ததா என்று அந்தக் குடும்பங்களில் யாரும் கேட்டதில்லை. இன்று கேக்கின் மேல் அவரும் நிற்கிறார், சேலை நிறம்கூடப் பிசகாமல். நன்றி சொல்லத்தான் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்; அந்த அன்பு உண்மையானது. ஆனால் அந்த நன்றியையும் கையால் செய்து தர இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் கண் விழிக்கிறாள்.

அந்த வேலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். பொம்மைகளுக்கான ஃபாண்டண்ட், சர்க்கரைப் பொடியைப் பிசைந்து செய்வது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடல் காற்று வீசும் ஊரில் அதை உலர வைப்பதே பெரும்பாடு. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து சாயாமல் நிற்க உள்ளே குச்சி செருகி, நாலைந்து நாள் முன்பே செய்து காய விட வேண்டும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் போதாது. ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தால் பொம்மைகளுக்கு வியர்த்து நிறம் வழியும். வெண்ணெயோ நம் மே மாதத்துக்குத் தாங்குகிற பொருளே அல்ல. பகல் வெயில் நாற்பது டிகிரியை நெருங்குகையில் க்ரீம் பூசும் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. நடுவில் மின்சாரம் போனால் அடித்து வைத்த க்ரீமும் போயிற்று. இவ்வளவும் முடித்து, வேளச்சேரி சாலையின் பள்ளங்களைத் தாண்டிக் கேக் சாயாமல் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது.

விலை பேசும்போது இதெல்லாம் கணக்கில் வருவதில்லை. வீட்டில்தானே செய்கிறீர்கள், கடை வாடகை இல்லையே என்பார்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டில் கேக் செய்து விற்பவரையும் தொழில் நடத்துபவராகவே கருதி, பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. சட்டம் தொழில் என்று ஏற்றதை, அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் பொழுதுபோக்கு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்தில் பாதியும், அடகிலிருந்து மீட்ட வளையலும் அந்தப் பொழுதுபோக்கிலிருந்து வந்தவை. தன் கையில் தன் பணம் இருப்பதன் நிமிர்வை அவர் முகத்தில் பார்க்க முடிகிறது. அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதனால்தான் அந்த நிமிர்வுக்காக அவர் எதைக் கொடுக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

கொடுப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளை. விழாக்கள் விடுமுறை நாளில்தான் வரும். அதனால் ஆர்டர்களும் சனி, ஞாயிறில்தான் குவியும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத மே மாதம் என்று, எந்த நாட்களில் ஒரு குடும்பம் சேர்ந்து வெளியே போக முடியுமோ, சரியாக அந்த நாட்களில் அவர் ஓவன் முன்னால் நிற்கிறார். பிறர் போய்வந்த வண்டலூரை நுணுக்கமாகச் செய்து தருகிறவரின் பிள்ளைகள், அருகிலேயே இருக்கும் வண்டலூருக்கு அப்பாவோடு மட்டும் போய் வருகிறார்கள், அல்லது போவதே இல்லை. வேலை குறையும் நாள் திங்களும் செவ்வாயும். அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளி. செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சி சாலைக்கே விடுமுறை. இருபது வருடம் கழித்து இந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாவுக்காக ஒரு கேக் சொல்லும்போது, அனுப்புவதற்கு எந்தப் புகைப்படம் இருக்கும்?

மாதத்தில் ஒரு ஞாயிறு ஆர்டர் எடுப்பதில்லை என்று ஸ்டேட்டஸில் போடத் தொடங்கியிருக்கிறார்கள் சிலர். அதற்கு வரும் பதில்களில் கோபம் அதிகம்: "முன்னாடியே சொல்லக் கூடாதா", "எங்களுக்கு மட்டும் ஒன்று செய்து கொடுங்களேன்". ஞாயிறு மாலை வெட்டப் போகும் கேக்கைச் சனிக்கிழமை இரவே வாங்கி நம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். சுவை ஒன்றும் கெட்டுவிடாது. பொம்மைகளைத் தனி டப்பாவில் வாங்கிக்கொண்டு, வெட்டும் நேரத்தில் ஒட்டகச்சிவிங்கியையும் அம்மாவையும் நம் கையாலேயே எடுத்து மேலே நிறுத்தலாம். கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுக்கலாம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் தன் பிள்ளைகளோடு வண்டலூர் டிக்கெட் வரிசையில் நிற்கட்டும். மதியச் சாப்பாட்டை வழியில் ஏதாவது ஒரு ஓட்டலில் பார்த்துக்கொள்ளட்டும்.