முட்டுக்கொடுக்கும் தோளும் கொல்லாமை நோன்பும்

உடல் வலிமையை ஊதியத்துக்கு விற்று, ஒவ்வொரு வாரமும் மற்றொரு மனிதனின் உடலோடு மோதி வாழும் ஒருவரின் தொழில், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணத்தின் கணக்கில் எங்கே நிற்கும் என்னும் வினாவுக்கு, ரக்பி யூனியன் ஆட்டத்தின் 'பிராப்' என்னும் ஆட்டக்காரரை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும். சாயும் சுவருக்குக் கொடுக்கும் முட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே அவருக்குப் பெயராயிற்று. அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் இவ்வாட்டத்தில், சிறு தவறுகளுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்க இரு அணிகளிலிருந்தும் எட்டெட்டுப் பேர் குனிந்து பிணைந்து ஒருவரையொருவர் தள்ளுவது 'ஸ்க்ரம்' எனப்படும். அதன் முன்வரிசையில் நடுவில் நிற்பவருக்கு இருபுறமும் தோள் கொடுப்பவர்களே பிராப்கள். வலப்புறம் நிற்பவரின் தலை எதிரணியினர் இருவருக்கு நடுவே புகுந்துவிடுவதால் அவருடைய இரு தோள்களிலும் பளு இறங்கும். உயர்நிலைப் போட்டிகளில் ஓர் அணியின் எட்டுப் பேரும் சேர்ந்தால் ஏறத்தாழ 900 கிலோ எடை இருக்கும் என்பதையும், அவ்வளவு பேரின் உந்துதலும் முன்வரிசையினரின் கழுத்து வழியாகவும் முதுகு வழியாகவும் செல்கிறது என்பதையும் கருதினால், இத்தொழிலின் தன்மை விளங்கும்.

நெடுங்காலம் ஊதியமின்றி ஆடப்பட்ட இவ்வாட்டம் 1995 ஆகஸ்டில் தொழிலாக ஆடத்தக்கதென அறிவிக்கப்பட்டது. அன்று முதல் பிராப் என்பது ஒரு பிழைப்பாயிற்று. ஆகவே சமண நூல்கள் பிழைப்பைப் பற்றிச் சொல்லும் விதிகளுக்குள் அதுவும் வந்து சேர்கிறது.

அவ்விதிகளைத் தமிழ்நாட்டில் உயிரோடு காக்கும் இடங்களுள் முதன்மையானது, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்த மேல்சித்தாமூர். ஜினகாஞ்சி மடம் என வழங்கும் திகம்பர சமண மடம் இங்கே உள்ளது. அதன் தலைவர்கள் லட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரால் அறியப்படுகின்றனர். நயினார் என அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்களின் வாழ்க்கைமுறை இந்த வினாவுக்கு ஒரு வகையில் முன்னரே விடை கண்டிருக்கிறது. வடநாட்டுச் சமணர் பெரும்பாலும் வணிகத்தை நாடியபோது, தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக உழவராக இருந்தனர். ஏர் பூட்டி மண்ணைக் கீறினால் மண்ணிலுள்ள புழுவும் பூச்சியும் மடியும் என்பதை அறிந்தே அவர்கள் உழுதார்கள். அதற்கு இடமளித்தது இல்லறத்தார்க்குரிய அணுவிரதம், அதாவது துறவியின் முழு நோன்பிலிருந்து வேறுபட்ட சிறு நோன்பு. பிற்காலச் சமண ஆசிரியர் இம்சையை நான்காகப் பகுத்தனர்: கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை; சமையல், வீடு பெருக்கல் போன்றவற்றில் நேர்வது ஆரம்ப இம்சை; தொழிலில் தவிர்க்க முடியாமல் நேர்வது உத்தியோக இம்சை; தாக்குபவரைத் தடுக்கையில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தார் முற்றிலும் விட வேண்டியது முதலாவதையே.

இப்பகுப்பின்படி பிராப் ஓர் உழவருக்கு அருகில் நிற்கிறார். எதிரே இருப்பவரை வருத்த வேண்டும் என்பது அவருடைய வேலையின் நோக்கமன்று. எதிராளியைத் தரையிலிருந்து மேலே தூக்குவதையும், ஸ்க்ரத்தை வேண்டுமென்றே சரிப்பதையும் ஆட்டவிதிகள் ஆபத்தான குற்றங்களாக விலக்குகின்றன. விதிக்குட்பட்ட உடல்வலிப் போட்டியைச் சமண மரபு அருவருத்ததுமில்லை. மேல்சித்தாமூர் மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ள சிற்பங்களுள் பாகுபலியின் உருவமும் உண்டு. ஜினசேனரின் ஆதிபுராணம் சொல்லும் அவருடைய கதையில், பரதனும் பாகுபலியும் படைகளோடு எதிர்நின்றபோது, ஆயிரமாயிரம் வீரர் மடிவதைத் தவிர்க்க விரும்பிய அமைச்சர்கள், உடன்பிறந்தார் இருவரும் மட்டுமே கண்ணால் நோக்கியும் நீரில் நின்றும் மல்லாடியும் போட்டியிடட்டும் என்று வகை செய்தனர். மற்போர் அங்கே கொலைக்கு மாற்றாக வந்தது. பரதனைத் தூக்கிய பாகுபலி அவனைத் தரையில் அறையாமல் இறக்கிவிட்டார் என்பது அக்கதையின் நெஞ்சை உருக்கும் இடம். வென்ற கணத்திலேயே அரசைத் துறந்து, கொடிகள் உடலில் படரும்வரை காயோத்சர்க்கத்தில், அதாவது உடற்பற்றை விட்ட நிலையில், அவர் ஓராண்டு நின்றார்.

ஆயினும் கணக்கு இத்துடன் தீர்ந்துவிடவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்தில் உயிர்க்கு நேரும் கேட்டுக்கு முன்னதாக நிற்கும் கருத்து 'பிரமாதம்'. அது விழிப்பின்மையை, பொறுப்பற்ற தன்மையைக் குறிக்கும் வடசொல்; தமிழ்ப் பேச்சு வழக்கில் அதே சொல் 'மிகச் சிறப்பு' என்னும் பொருளுக்கு மாறிவிட்டது. அரங்கில் அமர்ந்து ஒரு மோதலைக் கண்டு 'பிரமாதம்' என்று கூவுபவர், தாம் அறியாமலே சமணர் குற்றத்துக்கு இட்ட பெயரை உச்சரிக்கிறார். இங்கே விழிப்பின்மை எவ்வளவு விலை கேட்டிருக்கிறது என்பதற்கு நியூசிலாந்தின் கார்ல் ஹேமன் சான்று. வலப்புற பிராப்பாகத் தம் நாட்டுக்கு 45 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடி, பின்னர் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பிரான்சின் தூலோனிலும் ஆடி, தூலோன் 2013, 2014, 2015 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற காலத்தில் அவ்வணியில் இருந்து ஓய்வு பெற்ற அவர், 2021 நவம்பரில், தமக்கு இளவயது மறதிநோய் கண்டறியப்பட்டிருப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 41. தலை மீண்டும் மீண்டும் அதிர்வதால் மூளை படிப்படியாகச் சிதையும் நோயும் இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதினர். இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதிசெய்யத்தக்க நோய் அது. இங்கிலாந்தின் இளம் பிராப் மேட் ஹாம்ப்சன் 2005-இல் பயிற்சி ஸ்க்ரம் ஒன்று சரிந்ததில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இரு முன்வரிசைகளும் மோதும் வேகத்தைக் குறைக்க, மோதுமுன்னரே பிராப்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி 2013-இல்தான் வந்தது.

தன் உடலைத் தானே கெடுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்னும் வாதம் இங்கே எழக்கூடும். சமணமே உண்ணாநோன்பிருந்து உடலை விடுவதைப் போற்றவில்லையா என்றும் கேட்கலாம். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைப் பழந்தமிழ்க் கல்வெட்டொன்று பதிவு செய்கிறது. ஆனால் சல்லேகனை எனப்படும் அந்நோன்பைத் தற்கொலையிலிருந்து பிரிக்கும்போது உரையாசிரியர்கள் காட்டும் காரணம், அதில் விருப்பு வெறுப்புகள் இல்லை என்பதும், நோற்பவர் முழு விழிப்புடன் இருக்கிறார் என்பதுமே ஆகும். நினைவையே இழக்க நேரும் என்று சொல்லப்படாமல், புகழும் ஊதியமும் ஈர்க்க, இருபது வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இளைஞனின் நிலை அதற்கு நேர்மாறானது. தெரிந்து துறப்பதும் தெரியாமல் பறிகொடுப்பதும் ஒன்றல்ல.

ஆகவே குற்றத்தின் பெரும்பகுதி எவர் மேல் விழுகிறது என்பதே உண்மையான கேள்வி. இதற்குச் சமண அறநூல்கள் தெளிவான அளவுகோல் ஒன்றைத் தருகின்றன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் கொல்லாமை அணுவிரதத்தை விளக்கும்போது, மனம், சொல், உடல் ஆகிய மூன்றாலும், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூவழிகளையும் ஒருசேர விலக்கச் சொல்கிறது. இவ்வளவுகோலால் அளந்தால், தோள் கொடுத்தவர் செய்தவர். தலையில் அடிபட்டவரை மறுவாரமே களத்தில் இறக்கிய கழகமும் பயிற்சியாளரும் செய்வித்தவர். பெரிய மோதலுக்கே பெரிய ஆரவாரம் எழுப்பி, அதற்காகவே நுழைவுச்சீட்டு வாங்கியவர் உடன்பட்டவர். இம்மூவருள் தன் உடலால் கணக்கைத் தீர்ப்பவர் முதலாமவர் ஒருவரே. விளைவை அறியக்கூடிய இடத்தில் இருந்தும் அறிய முயலாத மற்ற இருவரின் பிரமாதமே இத்தொழிலில் நேரும் இம்சையின் வேர் என்பது இக்கட்டுரையின் முடிபு.

இந்தியாவில் 2025-இல் தொடங்கிய எழுவர் ரக்பித் தொடரில் சென்னையின் பெயரிலும் ஓர் அணி ஆடியது. அவ்வகை ஆட்டத்தின் ஸ்க்ரத்தில் பக்கத்துக்கு மூவரே இருந்தாலும், அம்மூவருள் இருவர் பிராப்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அந்த இடத்துக்குப் பயிற்றுவிக்கப் போகிறவர்கள், கழுத்தையும் தலையையும் காக்கும் முறையை முதல் நாளிலேயே கற்பிக்கவும், தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவர் ஒப்பும்வரை களத்துக்கு அனுப்ப மறுக்கவும் கடமைப்பட்டவர்கள்.