மூன்று பேருமே நல்லவர்கள்தான்

காட்டுக்குள் ஒரு தண்டவாளம். அது போகிற வழியே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறாள் கினோ என்ற இளம்பெண். எந்த ஊரிலும் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை என்று விதி வைத்திருக்கும் ஊர்சுற்றி.

வழியில் ஒரு பெரியவர் தண்டவாளத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருஷமாக இதுதான் வேலையாம். என்றைக்காவது ரயில் விடுவோம், சுத்தமாக வைத்திரு என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் இரண்டாவது பெரியவர். இவர் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருஷமாக! இனி ரயில் கிடையாது, எடுத்துவிடு என்று உத்தரவு. அதற்கும் அப்பால் மூன்றாமவர். தண்டவாளம் போட்டுக்கொண்டே வருகிறார். எத்தனை வருஷமாக என்று கேட்க வேண்டியதில்லை. மூன்று பேருக்கும் சம்பளம் வருகிறது. 'நிறுத்து' என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இது 'கினோஸ் ஜர்னி' என்ற ஜப்பானிய அனிமே தொடரில் வருகிறது. 2003-ல் வெளியானது. மொத்தமே 13 எபிசோடுதான். அனிமே என்றால் பெரிய கண், கூரான தலைமுடி, ஓயாத சண்டை என்று நினைத்து சேனல் மாற்றுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். சண்டையைவிடப் பேச்சு அதிகம். பேச்சைவிட மௌனம் அதிகம்.

முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சங்கடம் வரும். இந்த மூன்று பேரில் யாரைக் குற்றம் சொல்வது? ஒருத்தரும் சோம்பேறி இல்லை. ஒருத்தரும் திருடவில்லை. 'என் வேலையை நான் ஒழுங்கா செஞ்சேன் சார்' என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால் போதுமா என்பதுதான் கேள்வி. தண்டவாளமாக இருக்கும்வரை தமாஷ். செய்கிற பொருள் ஆளைக் கொல்வதாக இருந்தால்?

அதற்கும் ஒரு படம் இருக்கிறது. 'க்யூப்.' கனடாவில் 1997-ல் வின்சென்ஸோ நடாலி என்ற இயக்குநர் சில்லறைக் காசில் எடுத்தது. ஒரே ஓர் அறையை செட் போட்டு, விளக்கின் நிறத்தை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான அறைகளாகக் காட்டியிருப்பார். ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாத சிலர் அந்த அறைகளுக்குள் கண் விழிக்கிறார்கள். எல்லாப் பக்கமும் கதவு. எந்தக் கதவைத் திறந்தாலும் அதே மாதிரி இன்னோர் அறை. சில அறைகளில் நுழைந்தால் ஆள் காலி.

இதைக் கட்டியது யார்? ராணுவமா, பணக்காரக் கிறுக்கனா என்று ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். பாதிப் படத்தில் உண்மை வருகிறது. அவர்களில் ஒருவனான வொர்த், இந்தப் பெட்டியின் வெளி ஓட்டை டிசைன் செய்தவன். ஆபீஸைவிட்டு அவன் வெளியே வந்ததே இல்லை. தன்னைப் போலச் சின்னச் சின்ன விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிலரோடு போனில் பேசினான். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சம்பளம் வந்தது. மேலே சூத்திரதாரி என்று யாரும் இல்லை என்பது அவன் கட்சி. கட்டியாகிவிட்டது, அதனால் உபயோகிக்கிறார்கள். அவ்வளவுதான். வில்லன் என்று ஒருவன் இருந்திருந்தால்கூட நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கதைதானே என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-ல் ஸ்டான்லி மில்கிராம் ஆரம்பித்த பரிசோதனைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தப்பாகப் பதில் சொல்லும் ஆளுக்கு ஷாக் கொடுக்கச் சொன்னார். ஷாக் பொய், அலறிய ஆள் நடிகர். அது பட்டனை அழுத்தியவர்களுக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். இதில் பலர் கவனிக்காத இன்னொரு ரகம் உண்டு. ஷாக் பட்டனை வேறொருவர் அழுத்துவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது போன்ற எடுபிடி வேலைகளை மட்டும் செய்தால் போதும். அப்போது 40 பேரில் 37 பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். வேலையைப் பிரித்ததும் மனசாட்சியின் எடை குறைந்துவிட்டது.

வேலையைப் பிரிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பேப்பரில் வரும் 'இன்டர்னல் செக்' ஞாபகம் இருக்கலாம். பணம் வாங்குகிறவர் லெட்ஜர் எழுதக் கூடாது. லெட்ஜர் எழுதுகிறவர் செக்கில் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரே ஆளிடம் முழு வேலையும் இருந்தால் திருட வசதி. பிரித்துக் கொடுத்தால் ஒருத்தர் வேலை இன்னொருத்தர் வேலைக்குக் காவல். நல்ல ஏற்பாடு. ஆனால் பிரிப்பதோடு அது முடிவதில்லை. மாசக் கடைசியில் கேஷ் புக்கையும் பேங்க் பாஸ் புக்கையும் எதிரெதிரே வைத்து டிக் அடிக்க வேண்டும். அது நடக்காத ஆபீஸில் எத்தனை யோக்கியர்கள் இருந்தாலும் கணக்கு நாறிப்போகும். அந்தத் தண்டவாளத்தில் நடந்தது அதுதான். வேலை பிரிக்கப்பட்டது. மூன்று புத்தகங்களையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

எதிர்வாதமும் இருக்கிறது. 'கேள்வி கேட்டு வேலை போச்சுன்னா ஹவுசிங் லோனை நீயா கட்டுவே?' நியாயமான கேள்வி. இன்னொன்று, முழுசும் தெரிந்துவிட்டால் மட்டும் மனிதர்கள் திருந்திவிடுவார்களா என்ன? மியாஸாகியின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்தில் ஜிரோ ஹோரிகோஷி போர் விமானம் டிசைன் செய்கிறார். நிஜத்தில் வாழ்ந்த மனிதர், ஜப்பானின் 'ஸீரோ' விமானத்தை வடிவமைத்தவர். எடையைக் குறைக்க முடியாமல் தவிக்கும்போது, துப்பாக்கிகளை எடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்கிறார். கூடியிருக்கும் இன்ஜினீயர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்புறம் வேலையைத் தொடர்கிறார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். இதை எடுத்த மியாஸாகியின் குடும்பக் கம்பெனியே யுத்த காலத்தில் அதே ஸீரோவுக்குச் சுக்கான் செய்து கொடுத்தது. ஒரு சின்ன பாகம்தான்!

ஆக, தெரிந்துகொள்வது மட்டும் போதாது. ஆனால் அது இல்லாமல் ஒன்றும் ஆரம்பிக்காது. 'க்யூப்'பில் எனக்குப் பிடித்த இடம் இங்கேதான் வருகிறது. குட்டு உடைந்ததும் எல்லாரும் வொர்த்தை அடிக்காத குறை. அதே சமயம் லீவன் என்ற கணக்கு மாணவி, வெளி ஓடு என்ன அளவு என்று கேட்கிறாள். பக்கத்துக்கு 434 அடி. அவள் மனக்கணக்குப் போடுகிறாள். வரிசைக்கு 26 அறை, மொத்தம் 17,576. கதவுகளில் பொறித்திருந்த எண்களுக்கு அப்போதுதான் அர்த்தம் பிறக்கிறது. அதுவரை கண்ணைக் கட்டி விட்ட மாதிரி அலைந்தவர்களுக்கு முதல்முறையாகத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது.

வொர்த்துக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. ஆரம்பத்திலிருந்தே தெரிந்த ஒரே ஓர் அளவை வாய்திறந்து சொன்னான். தலையில் வைத்திருந்தவரை அது அவனுக்கே உதவவில்லை. இன்னொருத்தி தெரிந்துவைத்திருந்த கணக்கோடு சேர்ந்ததும் வழியாக மாறியது. ஒவ்வொருவரும் வேலையை உதறிவிட்டுத் தியாகியாக வேண்டும் என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்கிற யோக்கியதையும் பலருக்குக் கிடையாது. ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், 'நான் இதைப் பண்றேன், நீ என்ன பண்றே? ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகுது?' என்று கேட்பதற்குத் தியாகியாக வேண்டியதில்லை. நாம் அதைக்கூடச் செய்வதில்லை. 'நமக்கெதுக்கு வம்பு' என்பது நம் தேசிய கீதங்களில் ஒன்று.

ஒருவரை மறந்துவிட்டோம். கினோ. மூன்று பெரியவர்களையும் சந்தித்தது அவள் மட்டும்தான். முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். ஐம்பது வருஷ உழைப்பு வீண் என்று ஒரு கிழவரிடம் எப்படிச் சொல்வது என்ற கருணையாக இருக்கலாம். வழிப்போக்கிக்கு எதற்கு வம்பு என்பதாகவும் இருக்கலாம். தொடர் பதில் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் காட்டில் கேள்வி கேட்கப்பட வேண்டியது அந்த மூன்று பேரை அல்ல. அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.