பழையதற்கு ஒரு விலை, புதியதற்கு ஒரு விலை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்திற்கு ‘முதஃப்ஃபிஃபீன்’ என்று பெயர். அளவில் மோசம் செய்வோர் என்பது அதன் பொருள். தாம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு உண்டு என்ற எச்சரிக்கையோடுதான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் பேசும் நம் மார்க்கம், கடைத்தெருவில் தொங்கும் தராசைப் பற்றியும் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளவு என்பது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் உரியதன்று. இக்காலத்தில் நம் வீடுகளில் மாதந்தோறும் பணம் போகும் வழிகளுள் ஒன்று கைப்பேசி. தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, பாட்டியாருக்கும் ஒன்று. சிங்கப்பூரில் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கடைக்குப் போனாலும் இரண்டு விளம்பரங்கள் நம்மை வரவேற்கின்றன. ஒன்று, “பழைய கைப்பேசியைக் கொடுங்கள், புதியதை மலிவாகப் பெறுங்கள்” என்பது. மற்றொன்று, “குடும்பத்தார் அனைவரும் ஒரே திட்டத்தில் சேருங்கள், சிக்கனம் காணுங்கள்” என்பது. இவற்றை ஒரு முஃமின் எந்தத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. கைபருக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டிருந்த ஒருவர், உயர்ந்த ரகப் பேரீச்சம்பழங்களைக் கொண்டு வந்தார். கைபரின் பழமெல்லாம் இப்படித்தான் இருக்குமோ என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். அவரோ, இல்லை, மட்டரகப் பழத்தில் இரண்டு மரக்கால் கொடுத்து இதில் ஒரு மரக்கால் வாங்குகிறோம் என்ற கருத்துப்பட விடை சொன்னார். அப்படிச் செய்ய வேண்டாம் என்று தடுத்த நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி என்ன தெரியுமா? மட்டரகப் பழத்தை முதலில் திர்ஹத்திற்கு விற்றுவிடு. பிறகு அந்தத் திர்ஹத்தைக் கொண்டு நல்ல பழத்தை வாங்கு என்பதே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேரீச்சம்பழத்திற்குப் பேரீச்சம்பழம் ஏற்றத்தாழ்வோடு மாற்றுவது வட்டியின் ஒரு வகையைச் சேரும். அதனால் அது தடுக்கப்பட்டது. கைப்பேசி அந்த இனத்தில் சேராது. பழைய கைப்பேசியோடு மேல்பணமும் கொடுத்துப் புதியதைப் பெறுவது கூடும். ஆகவே இதை ஹராம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பிற்குள் ஒரு பெரிய ஹிக்மத் ஒளிந்திருக்கிறது. பழையதும் புதியதும் ஒரே பேரத்தில் கலந்துவிட்டால், எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும். பழையதற்குத் தனியாக ஒரு விலை, புதியதற்குத் தனியாக ஒரு விலை என்று பிரித்துவிட்டால் கண் திறந்துவிடும்.

இது நம் சமூகத்திற்குப் புதிய பாடமன்று. நாணயமாற்று வியாபாரத்தில் பெயர் பெற்றவர்கள் நம்மவர்கள். அந்தக் கடைகளின் பலகையில் வாங்கும் விலை ஒரு பக்கமும் விற்கும் விலை ஒரு பக்கமுமாகத் தனித்தனியே எழுதியிருக்கும். இரண்டையும் குழப்பி ஒரே எண்ணாகச் சொன்னால் எந்த வாடிக்கையாளராவது ஒப்புக்கொள்வாரா? அப்படியிருக்க, கைப்பேசிக் கடையில் மட்டும் நாம் ஏன் கணக்கை மறந்துவிடுகிறோம்?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்தவை. புதிய கைப்பேசியின் கடை விலை 1,600 வெள்ளி. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 900 வெள்ளிக்குத் தருகிறோம், உங்கள் பழைய கைப்பேசிக்கு 500 வெள்ளி கழிக்கிறோம், கையில் 400 கொடுத்தால் போதும் என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தப்படி மாதம் 75 வெள்ளி சந்தா கட்ட வேண்டும். 24 மாதத்திற்கு 1,800. கையில் கொடுத்த 400-ஐயும் சேர்த்தால் மொத்தம் 2,200 வெள்ளி.

இப்போது பிரித்துப் பார்ப்போம். பழையதை வெளிக்கடையில் 350 வெள்ளிக்கு விற்கிறோம். புதியதை 1,600 கொடுத்து வாங்குகிறோம். நிகரச் செலவு 1,250. ஒப்பந்தமில்லாமல் சிம் அட்டை மட்டும் தரும் 20 வெள்ளித் திட்டம் ஒன்றில் சேர்கிறோம். 24 மாதத்திற்கு 480. மொத்தம் 1,730 வெள்ளி. பழைய கைப்பேசிக்கு 150 வெள்ளி கூடக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர், இரண்டாண்டில் 470 வெள்ளியைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அந்த 500 வெள்ளியை அவருக்குத் தந்தது யார்? அவருடைய சட்டைப்பைதான்!

ஆயினும் நீதி என்பது இரு பக்கமும் பார்ப்பது. வெளியூர்த் தொடர்பும் மிகுந்த இணையப் பயன்பாடும் தொழிலுக்கே தேவைப்படுகிற ஒருவருக்கு 20 வெள்ளித் திட்டம் போதாமல், 45 வெள்ளித் திட்டம் வேண்டியிருக்கலாம். அவருக்கு 24 மாதச் சந்தா 1,080. கைப்பேசியின் 1,250-ஐச் சேர்த்தால் 2,330. அவருக்கு அந்த ஒப்பந்தமே 130 வெள்ளி லாபம். எனவே விளம்பரம் எல்லாம் ஏமாற்று என்று சொல்வதும் தவறு. எல்லாம் சலுகை என்று நம்புவதும் தவறு. ஒருவருடைய தேவை எதுவோ அதுவே அவருடைய படிக்கல். உம்ராவுக்கு ஒருமுறை போய்வருவதற்காக இரண்டாண்டு முழுவதும் வெளிநாட்டுச் சேவைக்குச் சந்தா கட்டுபவர் தவறான படிக்கல்லை வைத்து நிறுக்கிறார்.

விளம்பரத்தில் ‘500 வெள்ளி வரை’ என்று எழுதியிருந்தால், அந்த ‘வரை’ என்ற சொல்லின்மேல் விரலை வையுங்கள். கண்ணாடியில் கீறல், மின்கலத்தில் தேய்வு என்று பார்த்த பிறகு நம் கைக்கு வருவது எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். கழிவு ஒரே தடவையில் கிடைக்குமா, மாதாமாதம் பிரித்துக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் இதனை 36 மாதங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நடுவில் விலகினால் மீதிக் கழிவு போய்விடும். ஒப்பந்தத்தை முன்னதாக முறித்தால் கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் மாறிவிடுமே என்ற அச்சம் வேண்டாம். நிறுவனம் மாறினாலும் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் முழு வசதி சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது.

கையெழுத்திடுமுன் படிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே நடந்த சான்று உண்டு. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் சிம் லிம் ஸ்கொயரில், வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி 950 வெள்ளி கொடுத்து ஒரு கைப்பேசி வாங்கினார். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டபின், உத்தரவாதத்திற்கென்று மேலும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அந்த ஏழை முழந்தாளிட்டு அழுத காட்சியை உலகமே பார்த்தது. அக்கடையின் உரிமையாளர் 2015-இல் 33 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். உலக நீதிமன்றத்தின் தண்டனையே இவ்வளவென்றால், ஒருவருடைய கண்ணீரைச் சுமந்துகொண்டு மஹ்ஷரில் நிற்பவனின் நிலை என்ன?

அடுத்தது குடும்பத் திட்டம். ஒருவர் பெயரில் தலைமை இணைப்பு 60 வெள்ளி, துணை இணைப்பு மூன்று தலா 20 வெள்ளி, ஆக மாதம் 120 வெள்ளி என்று கொள்வோம். “தலைக்கு 30 வெள்ளிதான்” என்பார்கள். ஆனால் நான்கு தலைகளின் தேவையும் ஒன்றுதானா? தந்தைக்கு 30 வெள்ளித் திட்டம், படிக்கும் மகனுக்கு 20, தாய்க்கு 15, வீட்டிலேயே இருந்து பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசும் பாட்டியாருக்கு 10 என்று தனித்தனியே எடுத்தால் 75 வெள்ளியோடு முடியும். மாதம் 45 வெள்ளி மிச்சம். இரண்டாண்டில் 1,080 வெள்ளி. நால்வருக்குமே நிறையப் பயன்பாடு இருந்து, தனியே எடுத்தால் தலைக்கு 35 வெள்ளி ஆகுமானால், அப்போது குடும்பத் திட்டமே மாதம் 20 வெள்ளி மலிவு. இங்கும் பிரித்து நிறுத்த பிறகே சேர்க்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய ஒன்றும் இதில் இருக்கிறது. ஒப்பந்தம் ஒருவர் பெயரில், உபயோகம் பலருடையது. அண்ணன் பெயரில் தம்பி, மாமா பெயரில் மருமகன், மச்சான் பெயரில் மச்சான் என்று சேர்ந்துகொள்கிறார்கள். முதல் மூன்று மாதம் பங்குப் பணம் ஒழுங்காக வரும். பிறகு “அடுத்த மாதம் தருகிறேன்” என்பார்கள். கேட்டால் மனத்தாங்கல், கேட்காவிட்டால் கஷ்டம். முப்பது வெள்ளிக்காகப் பெருநாளன்றுகூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத நிலை வருமானால், அந்தத் திட்டத்தில் கண்ட சிக்கனம் எங்கே போயிற்று? உறவைத் துண்டிப்பதன் பாவம் எவ்வளவு என்பதை நாம் அறிவோம்.

இதற்கும் திருமறை வழி காட்டியே இருக்கிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282-ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக்கூடாது என்பது அதன் போதனை. எழுதச் சொல்வதால் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம்பிக்கையைக் காப்பதற்கே எழுத்து. யார் எவ்வளவு, எந்தத் தேதியில், அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் யார் பொறுப்பு, மகள் நிக்காஹ் ஆகிப் போனால் அந்த இணைப்பை யார் ஏற்பது என்று ஒரு தாளில் எழுதி அனைவரும் பார்த்துக்கொண்டால் பின்னால் சண்டைக்கு இடமில்லை. தவணை எதுவானாலும் கட்டி முடிக்கும்வரை அது கடனே. தவணையில் வட்டி கலந்திருக்கிறதா என்ற ஐயம் வந்தால், கையெழுத்திடுமுன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நம் கடமை.

நிற்க. விற்கும் இடத்தில் நாமும் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது. பழைய கைப்பேசியைக் கொடுக்கும்போது அதில் உள்ள குறையைச் சொல்கிறோமா? தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. தண்ணீரில் விழுந்த கைப்பேசியைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது அந்த ஈரத் தானியம்தான். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது ஹதீஸின் கருத்து. கைப்பேசிக் கடை நடத்தும் நம் சகோதரர்களும், அங்கே வேலை பார்க்கும் நம் இளைஞர்களும் மொத்தச் செலவை வாடிக்கையாளருக்குக் கூட்டிக் காட்டுவார்களாக. முதியவர்களுக்கும் மொழி தெரியாத தொழிலாளர்களுக்கும் அப்படிக் காட்டுவது வியாபாரத்தோடு சேர்ந்த ஸதக்கா.

பழைய கைப்பேசியில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும், நண்பர்கள் நம்மை நம்பி எழுதிய செய்திகளும், வங்கி விவரங்களும் கிடக்கின்றன. அவை அமானத். அவற்றை முழுதும் அழித்து, கணக்கிலிருந்து வெளியேறி, சிம் அட்டையைக் கழற்றிய பிறகே பிறர் கையில் கொடுக்க வேண்டும். கணக்கிலிருந்து வெளியேறாமல் கொடுத்தால் வாங்கியவருக்கும் அது பயன்படாது. ஒரே கவனக்குறைவில் இருவருக்குத் தீங்கு.

இவை எல்லாவற்றிற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாற்றத்தான் வேண்டுமா? மின்கலத்தை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டாண்டு ஓடக்கூடியதை, அடுத்த வீட்டார் மாற்றிவிட்டார் என்பதற்காக மாற்றுவது தேவையா, பெருமையா? ரஹ்மானுடைய அடியார்கள் செலவு செய்தால் விரயமும் செய்யார், கருமித்தனமும் செய்யார், நடுநிலையில் நிற்பார்கள் என்பது அல்ஃபுர்கான் அத்தியாயம் தரும் இலக்கணம். தேவையுள்ள பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தராமல் இறுக்கிப் பிடிப்பதும் அந்த இலக்கணத்திற்கு வெளியேதான் நிற்கும்.

அன்பர்களே! மேலே கண்ட 470 வெள்ளி சிறு தொகையன்று. ஓர் ஏழை மாணவனின் புத்தகத்திற்கும், ஊரிலிருக்கும் விதவைச் சகோதரியின் அடுப்பிற்கும் அது போதும். ரிஜ்கு என்பது அல்லாஹ்வின் அமானத். அதை எங்கே சம்பாதித்தோம் என்பதோடு, எங்கே செலவழித்தோம் என்றும் நாளை நம்மிடம் கேட்கப்படும். அந்தக் கேள்வி வருமுன், இன்றிரவே குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, கையில் உள்ள ஒப்பந்தங்களை எடுத்து, மாதச் சந்தாவை 24-ஆல் பெருக்கிப் பார்ப்போமாக. பழையதற்கு ஒரு விலை, புதியதற்கு ஒரு விலை, ஒவ்வொருவர் தேவைக்கும் ஓர் அளவு என்று பிரித்து எழுதுவோமாக.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நேரிய தராசைப் பிடிக்கும் பாக்கியத்தையும், நம் வீடுகளில் பரக்கத்தையும், உறவுகளில் மஹப்பத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.