பெட்டியைப் பிரிக்கும் முன்

பத்தாயிரம் ரூபாய்க்குள் இரண்டு போன்களை எடுத்து வைத்ததும் கடைக்காரர் முதலில் சொல்வது, “இதுல 50 மெகாபிக்சல் கேமரா சார்!” நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, பெரும்பாலும் 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் அது சேமிக்கும். “8 ஜிபி ரேம்” என்றால் அதையும் கேட்டுத் தெளியுங்கள். பல மாடல்களில் 4 ஜிபிதான் உண்மையான ரேம். மிச்சம் ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக்கொள்வது, அந்த வேகம் வராது.

நான் கேட்கச் சொல்வது, ஸ்டோரேஜ் எந்த வகை என்று. இஎம்எம்சி வகை ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்தே செய்யும். வாட்ஸ்அப் படங்கள் குவிந்த ஒரு வருடத்துக்குப் பிறகு, டிக்கெட் கவுன்ட்டரில் ஆப்பைத் திறக்கையில் திணறுவது எந்த போன் என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்தது, பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுக்கு வரும்? அப்பாவின் பென்ஷன் கணக்கும் யுபிஐயும் அந்த போனில்தானே இருக்கப்போகின்றன!

அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்குபவருக்கு இந்த இரண்டு பதிலையும் பெட்டி மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால், கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.