மதியை மயக்குவது விதியா, கடனா?

வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கம் கோடை வந்துவிட்டால் ராத்திரியிலும் போர்வெல் வண்டிகளின் இரைச்சல் கேட்கும். வண்டி வருவதற்கு முன்பே நீரோட்டம் பார்ப்பவர் வந்து போயிருப்பார். உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எங்கே எழுந்து நின்றதோ, அங்கே ஒரு சுண்ணாம்புக் குறி. 400 அடி தாண்டியும் குழியிலிருந்து பாறைப் பொடிதான் பறக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டே போகிறது. “இன்னொரு நூறடி இறக்கிப் பார்க்கலாமாண்ணே?” என்று வண்டிக்காரர் கேட்டால், தோட்டக்காரர் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். நிறுத்தினால் போட்ட பணம் போனதுதான். இறக்கினால் மேலும் கடன்.

தண்ணீர் வராவிட்டால் ஊரிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். வேண்டாதவர்கள் “யோசனை இல்லாத ஆள்” என்பார்கள். வேண்டியவர்கள் “விதி, யார் என்ன செய்ய முடியும்” என்பார்கள். முதல் தீர்ப்பு பழி முழுவதையும் அவர் தலையில் போடுகிறது. இரண்டாவது, பழியை மனிதர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறது.

கணக்குத் தெரியாமல் முடிவெடுப்பது பொருளாதார அறிஞர்களுக்கும் பழைய தலைவலிதான். அமெரிக்கரான ஃபிராங்க் நைட் 1921இல் ஆபத்தையும் நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். தாயக்கட்டை உருட்டுகிறவருக்கு எது விழ எத்தனை வாய்ப்பு என்ற கணக்காவது தெரியும். பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கும் கிடையாது. 1961இல் டேனியல் எல்ஸ்பெர்க் இதையே இரண்டு ஜாடிகளை வைத்துக் காட்டினார். ஒன்றில் சிவப்புப் பந்து 50, கறுப்புப் பந்து 50. மற்றதிலும் 100 பந்துகள், ஆனால் எந்த நிறம் எத்தனை என்று தெரியாது. பந்தயம் கட்டச் சொன்னால் பெரும்பாலோர் தெரிந்த ஜாடியையே தேடிப் போகிறார்கள்.

நம்மூர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதை இந்த ஜாடிகளோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் பிடிபடும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டி, அம்மன் முன் போட்டு, விவரம் அறியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். அளவே தெரியாத ஒரு கேள்வி அந்த நேரத்துக்குச் சரிபாதியாகிவிடுகிறது. நிலத்தடி நீரைப் பற்றிப் பூவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டில் நடந்த வாக்குவாதம் முடிகிறது. நாளை காரியம் கெட்டாலும் அண்ணனைத் தம்பி குற்றம் சொல்ல இடமில்லை. முடிவெடுக்கும் பாரத்தை இறக்கி வைக்கத் தெய்வத்தைவிட நம்பிக்கையான இடம் அந்தக் குடும்பத்துக்கு வேறு இல்லை.

கையில் பணம் இல்லாதபோது அந்தப் பாரம் மனதை என்ன செய்கிறது என்று அளந்து பார்த்தவர்களில் ஒருவர், தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா போன செந்தில் முல்லைநாதன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினியியலும் கணிதமும் பொருளாதாரமும் படித்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 2002இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 2003இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோருடன் சேர்ந்து எம்.ஐ.டி.யில் வறுமை ஒழிப்பு ஆய்வகத்தைத் தொடங்கினார். பிற்பாடு ஜாமீன் வழங்கும் நீதிபதிகளின் முடிவுகளைக் கணினிக் கணிப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்; நன்கு படித்தவர்களின் தீர்மானங்களும் எங்கெங்கே பிசகுகின்றன என்று அதில் தெரிந்தது.

நம் கேள்விக்கு நேராக வருவது அவரது கரும்பு ஆய்வு. ஆனந்தி மணி, எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோருடன் அவர் நடத்திய இந்த ஆய்வு, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் 54 கிராமங்கள், 464 சிறு விவசாயிகள். கரும்புக்காரருக்கு ஆலைப் பணம் மொத்தமாக வருகிறது. அடுத்த அறுவடை நெருங்கும்போது கை காய்ந்துவிடுகிறது. ஆலையோ எல்லோருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு தருவதில்லை. ஆகவே ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒருவர் பணத்தோடு இருப்பார். பக்கத்துத் தோட்டக்காரர் நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பார். பருவத்தின் விளைவு வேறு, பணத்தின் விளைவு வேறு என்று பிரித்தறிய இது வசதியாக இருந்தது.

ஒவ்வொருவருக்கும் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதனை வைத்தார்கள். விடுபட்ட உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் முன்பு சராசரியாக 4.35 விடைகள் சரி, பின்பு 5.45. ஆள் அதே ஆள், படிப்பும் அதே படிப்புதான். இரண்டாம் முறை பழக்கத்தால் கூடுதலாகச் செய்திருப்பார்களோ என்ற ஐயம் எழும் என்று, சிலரை அறுவடைக்குப் பின்பே முதன்முறையாகச் சோதித்தார்கள். முடிவு மாறவில்லை. அளவீட்டு முறை பற்றி மற்ற ஆய்வாளர்கள் அதே இதழில் ஆட்சேபம் எழுதியதும் உண்டு. வறுமையும் சிந்தனையும் பற்றிய விவாதம் அதன் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைப் படிக்கும் தமிழருக்குத் திருக்குறள் நினைவுக்கு வராமல் இராது. அறத்துப்பாலின் கடைசி அதிகாரமான ‘ஊழ்’ இதே இடத்தைத்தான் தொடுகிறது: கெடுக்கும் ஊழ் வந்தால் அறிவு மழுங்கும், ஆக்கும் ஊழ் வந்தால் அறிவு விரியும் என்பது அங்கே வரும் கருத்து. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். பரிமேலழகர் உரைப்படி, எல்லா அறிவும் உள்ளவனையே ஊழ் முதலில் பேதையாக்குகிறது. அதனால் பொருள் போகிறது. கரும்பு ஆய்வில் இது தலைகீழ். முதலில் கையில் பணம் இல்லை. அதனால் புத்தி தடுமாறுகிறது. தடுமாறிய புத்தி அடுத்த கடனை வாங்குகிறது.

வரிசை மாறினால் பொறுப்பும் மாறுகிறது. ஊழ்தான் முதல் காரணம் என்றால் மனிதர் செய்ய அதிகமில்லை. பணம் வரும் தேதி காரணம் என்றால், அந்தத் தேதியைக் குறிப்பவர் ஒருவர் இருக்கிறார். இங்கே வினை விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர். வள்ளுவரும் ஊழோடு நிறுத்திவிடவில்லை. பொருட்பாலில் ‘ஆள்வினையுடைமை’ என்று முயற்சிக்குத் தனி அதிகாரமே வைத்தார். அந்த முயற்சி விவசாயிக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்று படிக்க வேண்டியதில்லை. ஆலைக்கும் வங்கிக்கும் அரசுக்கும் அது பொருந்தும்.

ஒட்டன்சத்திரம் மண்டியில் முன்பணம் வாங்கிவிட்டு, தக்காளியை அந்த மண்டிக்கே போட்டாக வேண்டியவருக்கும், அடகு நகையை மீட்கும் நாளை எண்ணிக்கொண்டே 500ஆவது அடியில் பதில் சொல்லும் தோட்டக்காரருக்கும் புத்திமதி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். ஆனால் அந்த இருவருக்கும் தேவை சரியான நேரத்தில் வரும் பணம். கரும்பைப் பொறுத்தவரை புதிய சட்டம்கூட வேண்டாம். ஒப்படைத்த 14 நாளுக்குள் விலையைக் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்கிறது. அரசு முதலில் அதை நிறைவேற்றட்டும். விதியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.