137க்கும் 134க்கும் நடுவே

வலைச் செயலியைச் சர்வரில் ஏற்றும்போது முதலில் மூச்சுமுட்டுவது பெரும்பாலும் கம்பைலருக்குத்தான். ஏற்றப்போகிற செயலி ஓடுவதற்கு 150 எம்பி ரேம் போதுமாக இருக்கும். அதைக் கட்டித் தருகிற கம்பைலருக்கு 1 ஜிபியும் பத்தாது. 16 ஜிபி மடிக்கணினியில் அலட்டிக்கொள்ளாமல் முடிகிற பில்ட், மாத வாடகைக்கு எடுத்த சின்னச் சர்வரில் பாதியிலேயே படுத்துவிடுகிறது.

காரணம் எளியது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரால் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தூக்கிப்போட முடியாது. ஒரு கோப்பில் சொன்ன வகை இன்னொரு கோப்பில் ஒழுங்காகப் பயன்பட்டிருக்கிறதா என்று பார்க்க, அத்தனை கோப்புகளின் தொடரியல் மரங்களையும் ஒருசேர மெமரியில் நிறுத்தி வைக்க வேண்டும். அதன் மேல், கட்டிய நிரலை மூல வரிகளோடு இணைக்கும் சோர்ஸ் மேப். அதற்கும் மேல், நிரலைச் சுருக்கும் மினிஃபையர், சிபியுவில் எத்தனை கோர் இருக்கிறதோ அதற்கேற்பத் துணையாட்களை இறக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் கேட்கும். இருப்பதற்கு வேண்டிய இடத்தைவிட உருவாவதற்கு வேண்டிய இடம் பெரிது.

நோட் ஜேஎஸ் மேல் ஓடும் கம்பைலர், மெமரி போதாமல் சாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வழி என்பதை அது விட்டுச் செல்லும் எண்ணே காட்டிக்கொடுக்கும்: 134 அல்லது 137. சிக்னலால் முடிந்த நிரலுக்கு, 128உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்வது ஷெல்லின் வழக்கம். 6 கூடினால் 134. 9 கூடினால் 137. இங்கே ஆறாம் சிக்னல், நிரல் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வது. ஒன்பதாவது வெளியிலிருந்து வருவது. அதைத் தடுக்கவோ, கொஞ்சம் பொறு என்று கேட்கவோ எந்த நிரலுக்கும் வழியில்லை.

134இல் முடிந்த பில்டின் கடைசி வரிகளை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். நோடுக்குள் இருக்கும் வி8 இயந்திரம், நிரலின் தரவுகளை வைக்கும் மெமரிப் பகுதியான தன் ஹீப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைத் தொட்டதும் சாவதற்கு முன், கடைசியாக நடந்த குப்பை நீக்கங்களின் கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போகிறது. நீக்குவதற்கு முன் 509 எம்பி, நீக்கிய பின் 508 எம்பி என்பது மாதிரி இருக்கும் அந்த வரி. பக்கத்திலேயே மியூ என்று ஒரு பின்னம் இருக்கும்: மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போயிற்று என்பதன் அளவு. அது 0.05 என்றால், நூற்றில் ஐந்து பங்குதான் வேலை; மீதி முழுக்கப் பெருக்கித் தள்ளுவதிலேயே போயிருக்கிறது. பெருக்கித் தள்ளியும் ஓர் எம்பிதான் மிஞ்சியது. படிக்கத் தெரிந்தவருக்கு நோய் இன்னது என்று இதிலேயே விளங்கிவிடும்: இங்கே குப்பை இல்லை, இருப்பது அத்தனையும் வேண்டியதுதான், இடம்தான் போதவில்லை.

137இல் முடிந்ததிடம் இப்படி எதுவும் கிடைக்காது. திரையில் ‘கில்டு’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். ஏன், எங்கே, எவ்வளவு என்பதற்குப் பதில் வேண்டுமென்றால், செத்ததை விட்டுவிட்டுக் கொன்றதைக் கேட்க வேண்டும்; லினக்ஸ் கெர்னலின் பதிவை டிமெசேஜ் கட்டளையால் புரட்ட வேண்டும்.

இனி, எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் வைத்தியத்தைப் பார்ப்போம். ஹீப் போதவில்லை என்று 134 வந்தால், வி8இன் உச்சவரம்பை 4096 எம்பி என்று உயர்த்தி ஒரு வரி எழுதுவது. 16 ஜிபி இயந்திரத்தில் அது சரியான மருந்து. 1 ஜிபி இயந்திரத்தில் அதே வரி 134ஐ 137 ஆக மாற்றுகிறது, அவ்வளவுதான். ரேம் ஓர் எம்பிகூடக் கூடவில்லை. கம்பைலர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் இடம் மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அது அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே கெர்னல் கத்தியோடு வந்து நிற்கிறது.

கெர்னல் ஏன் கேட்டபோதே மறுக்கவில்லை? லினக்ஸ் பெரும்பாலும் மெமரியைக் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்கிறது. உண்மையான பக்கத்தை, நிரல் அதில் முதன்முதலாக எழுதும்போதுதான் ஒதுக்குகிறது. கல்யாண வீட்டில் அழைத்தவர்கள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற கணக்கில்தான் சமைக்கிறோம், அதுபோல. பெரும்பாலும் கணக்கு தப்பாது. தப்பும் நாளில், வாக்குக் கொடுத்த இடம் ஒன்றாகவும் கைவிரிக்கும் இடம் வேறாகவும் இருக்கிறது. கண்டிப்பாக இரு, இல்லாததைக் கொடுக்காதே என்று கெர்னலுக்குச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு; ஓவர்கமிட் மெமரியை 2 என்று வைத்தால் போதும். பெரும்பாலான சர்வர்களில் அதை யாரும் தொடுவதில்லை. எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் கெர்னலே நமக்குப் பிடித்திருக்கிறது.

கைவிரிக்கும் நேரம் வந்ததும் கெர்னல் ஒரு பலியைத் தேடுகிறது. யார் காரணம் என்று அது ஆராய்வதில்லை. யார் அதிகம் வைத்திருக்கிறார்கள் என்றே முக்கியமாகப் பார்க்கிறது. அதனால்தான் சின்னச் சர்வர்களில் பில்ட் ஓட ஆரம்பித்ததும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் செத்துப்போகும் கூத்து நடக்கிறது. பல நாளாகச் சத்தமில்லாமல் தரவுகளைச் சுமந்துகொண்டிருந்த நிரல், நேற்று வந்த கம்பைலரின் பசிக்குப் பலியாகிறது. செயலியைத் திறந்தால் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்ற செய்தி. பார்ப்பவர் டேட்டாபேஸைச் சந்தேகித்துப் பாதி ராத்திரியைத் தொலைப்பார். தப்பிப்பவை, முன்பே தமக்கு விலக்கு எழுதிக்கொண்டவை. தொலைவிலிருந்து நுழைய வழி தரும் எஸ்எஸ்எச் சர்வர், பலியைத் தேர்ந்தெடுக்கக் கெர்னல் பார்க்கும் தன் மதிப்பெண்ணை -1000 என்று குறித்துக்கொள்கிறது. அதைக் கெர்னல் தொடாது.

இடம் குறைவாக இருப்பதே பிழைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1960களில் ஐபிஎம் 1401 கணினிக்கு எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு இருந்த மெமரி 8,000 எழுத்துகளுக்கான இடம்.  அதை எழுதியவர்கள் வழக்கமான முறையைத் தலைகீழாக்கினார்கள். நிரல் மெமரியிலேயே உட்கார்ந்திருந்தது. கம்பைலர் 63 கட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டமாக நாடாவிலிருந்து வந்து, தன் பங்கைச் செய்துவிட்டு அடுத்ததற்கு இடம் விட்டது. 8,000 என்பது முதல் நாளே தெரிந்திருந்ததால் வந்த யோசனை அது.

இன்றைக்கும் உருப்படியான தீர்வுகள் எல்லாம் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. துணையாட்களைக் குறைத்து ஒவ்வொன்றாக ஓடவிடலாம். வேண்டாத சோர்ஸ் மேப்பை நிறுத்தலாம். 2 ஜிபிக்கு ஸ்வாப் கோப்பு போட்டு, மெதுவாக ஆனாலும் முடியட்டும் என்று விடலாம். எல்லாவற்றிலும் நல்லது, பெரிய இயந்திரத்தில் கட்டி, கட்டி முடித்ததை மட்டும் சின்னச் சர்வருக்கு அனுப்புவது. இவை ஒவ்வொன்றும் இருக்கிற இடம் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே தோன்றுகின்றன. உச்சவரம்பை உயர்த்தி எழுதும் வரி மட்டும்தான் ஒப்புக்கொள்ளாமலே எழுதப்படுகிறது.

மனிதர்களும் உச்சவரம்பை உயர்த்தி எழுதிக்கொள்கிறார்கள். இன்னொரு பொறுப்பு, இன்னொரு தவணை, இன்னும் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. கொடுக்கும் நேரத்தில் எதுவும் கனப்பதில்லை. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்கும்போதுதான் கனக்கிறது. அன்றைக்கு முதலில் சரிகிறவர், வாக்குக் கொடுத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வீட்டிலோ அலுவலகத்திலோ முணுமுணுக்காமல் அதிகம் சுமந்தவர் எவரோ அவர் சரிகிறார். விழுந்தவரைப் பார்த்து அவரிடம் என்ன கோளாறு என்று ஊர் விசாரிக்கிறது.

தனக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வதைக் கோழைத்தனம் என்றும் ஆசை குறைந்த புத்தி என்றும் நினைக்கப் பழகிவிட்டோம். எல்லை எப்படியும் இருக்கிறது. நாம் வைக்காவிட்டால் வேறொன்று வைக்கும். வெளியிலிருந்து வருகிற எல்லை காரணம் கேட்காது, கணக்கு எழுத நேரம் தராது, தவறு செய்தவரைத் தேடிப் பிடிக்கவும் செய்யாது. இதற்கு மேல் என்னால் ஆகாது என்று தானே சொல்லி நிற்கத் தெரிந்தவருக்குத்தான், ஏன் ஆகவில்லை என்று சொல்லவும் அவகாசம் இருக்கிறது. திருத்திக்கொள்வது அந்தக் காரணத்திலிருந்துதான் தொடங்க முடியும்.