லாபத்துக்குச் செய்தாலும் அறமா?

ஓசோன் படலம் பிழைத்ததில் காசுக்கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு. சர்க்யூட் போர்டில் சோல்டர் வைத்தபின் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பிசுக்கை, ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி-113 கொண்டு கழுவுவது ஒரு காலத்து வழக்கம். 1987-இல் சிஎஃப்சிகளைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்ததும் மாற்றுத் திரவம் தேடிக் கிளம்பியவர்களில் சிலர், கழுவவே தேவையில்லாத ஃபிளக்ஸுக்குப் போய்விட்டார்கள். திரவச் செலவு மிச்சம், மெஷின் மிச்சம், நேரமும் மிச்சம்.

போர்டு தயாரிக்கும் ஆலையில் சுற்றுச்சூழல் பிரிவைப் பார்ப்பவன் நான். “ஐஎஸ்ஓ 14001 சுற்றுச்சூழல் சான்றிதழால் என்ன லாபம்?” என்று நிர்வாகம் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன். அது போதாவிட்டால் சோனி. 2001 கடைசியில், கேபிளில் காட்மியம் அதிகம் என்று நெதர்லாந்து அதிகாரிகள் சுமார் 13 லட்சம் பிளேஸ்டேஷன்களை நிறுத்திவைத்தார்கள், அதுவும் பண்டிகை விற்பனை நேரத்தில். இதைக் கேட்டதும் பட்ஜெட் ஃபைல் நகரும்.

நகரட்டும். ஆனால் இது அறமா, வியாபாரமா? தனக்கு ஆதாயம் என்பதால் குழந்தைக்கும் சரியான விலை சொல்லும் கடைக்காரரை 1785-இல் காண்ட் எடுத்துக்காட்டினார்: செயல் சரி, ஆனால் அதில் ஒழுக்கத்தின் மதிப்பு இல்லை என்றார். எனக்கு அது கொஞ்சம் கறாராகப் படுகிறது. குழந்தை ஏமாறவில்லையே. ஆலைக் கழிவுநீர் போய்ச்சேரும் ஏரிக்கும் நம் மனசு தெரியாது, தண்ணீரில் செம்பு எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு.

சிக்கல், கணக்கு புரளும் நாளில்தான். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை போட்டது. பழைய ஈய சோல்டர் 183 டிகிரியில் உருகும், அதற்கு மாற்றாக வந்த வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவைக்கு 217 வேண்டும். கரண்ட் செலவு கூடும், வெள்ளிக்கு விலை கூடும். சட்டம் இல்லாவிட்டால் எத்தனை பேர் மாறியிருப்பார்கள்? பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வதை நான் துறவிக்கான உபதேசமாக எடுத்துக்கொள்வதில்லை. பலனை நம்பி மட்டும் நிற்கும் செயல், பலன் போனதும் விழுந்துவிடும் என்பது தொழிற்சாலையில் பழகியவனுக்குத் தெரிந்த விஷயம்.

ராத்திரி ஷிஃப்டில் ஈடிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டாரை அணைத்தால் கரண்ட் பில் குறையும், மழை பெய்யும் ராத்திரியில் யாருக்கும் தெரியாது. இந்த ஆசை இல்லாத ஆலையை நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஆன்லைன் மீட்டர் வேண்டும் என்று அடம்பிடிப்பேன். மீட்டருக்குப் பயந்து வரும் ஒழுங்கு அறமில்லை என்று காண்ட் சொல்லலாம். எனக்கு மீட்டரே போதும்.

ஆனால் மீட்டர் எல்லா இடத்துக்கும் வராது. செம்பு கலந்த வண்டலை கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பினால், லாரி கேட்டைத் தாண்டியபின் சாட்சி மேனிஃபெஸ்ட் காகிதம் மட்டும்தான். சில தடவை அந்த லாரிக்குப் பின்னாலேயே வண்டியில் போய், இறக்குவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெட்ரோலை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அக்கவுன்ட்ஸ் கேட்டது. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.